தாய் மொழியும் தாய்மொழியும்

தாய்லாந்தின் மொழியைத் தமிழில் எழுதும்போது 'தாய் மொழி' என்று நடுவில் இடைவெளி விட வேண்டும். விட்டுப்போனால் பொருளே மாறிவிடும். பேங்காக்கில் ஆங்கில ஒப்பந்தங்களையும் காப்பீட்டுப் பத்திரங்களையும் தாய் மொழிக்கு மாற்றும் மேசைகளில் பாதி நேரம் இப்படிப்பட்ட சின்ன வித்தியாசங்களுக்குக் காவல் இருப்பதிலேயே கழியும். ஆங்கிலத்தில் ஓரெழுத்து மாறினால் வேறு சொல். அந்த வேறு சொல்லும் அகராதியில் இருப்பதால் கணினி சிவப்புக் கோடு போடாது.

பள்ளியில் இதற்கென்று சில சூத்திரங்கள் சொல்லித்தருவார்கள். தலைமையாசிரியரைக் குறிக்கும் பிரின்சிபலின் கடைசி மூன்றெழுத்தைத் தனியே படித்தால் 'தோழன்' என்று வரும், அதை வைத்து நினைவு வைத்துக்கொள் என்பார்கள். தேர்வு எழுதுகிறவருக்கு அது போதும். மொழிபெயர்ப்பவருக்குப் போதாது. ஆங்கில எழுத்தைப் பார்த்துப் பொருளைப் பிடிப்பவர் திரும்பத் திரும்ப வழுக்குவார். இந்த இடத்தில் தாய் மொழியில் என்ன சொல் வரும் என்று முதலில் தீர்மானித்துவிட்டு, பிறகு எழுத்தைச் சரிபார்ப்பவர் அவ்வளவாக வழுக்குவதில்லை. ஆங்கிலத்தில் இரட்டைப் பிள்ளைகளாக நிற்கும் சொற்கள் தாய் மொழியில் முகஜாடையே இல்லாத அந்நியர்கள். குழப்பவே முடியாது.

காப்பீட்டுப் பத்திரத்தையே எடுத்துக்கொள்ளலாம். முதல் பக்கத்திலேயே 'பாலிசி' வந்துவிடும். அரசின் பாலிசிக்கும் காப்பீட்டு பாலிசிக்கும் ஆங்கிலத்தில் ஓரெழுத்துகூட வேறுபாடு இல்லை, வேர்தான் வேறு. அரசுக் கொள்கையைக் குறிப்பது கிரேக்கத்தின் 'பொலிட்டேயா' வழி வந்தது, போலீஸும் பாலிடிக்ஸும் அதன் பங்காளிகள். பத்திரத்தைக் குறிப்பது இத்தாலியின் 'போலித்ஸா' வழி வந்தது, அதற்கும் பின்னால் சான்று என்று பொருள்படும் வேறொரு கிரேக்கச் சொல் நிற்கிறது. தாய் மொழியில் கொள்கைக்கு 'நயோபாய்'. நயமும் உபாயமும் சேர்ந்த இந்தச் சொல்லை ஆக்கியவர் இளவரசர் வான் வைத்தயகோன். 1956இல் ஐ.நா. பொதுச்சபைக்குத் தலைவரானவரும் அவர்தான். பத்திரத்துக்கு 'க்ரொம்மதன்'. பழைய சயாமில் ஆளை அடிமையாக விற்கும் பத்திரத்துக்கு 'சான் க்ரொம்மதன்' என்று பெயர். அடிமை முறையை 1905இல் சட்டம் போட்டு ஒழித்தார்கள். சொல் மட்டும் காப்பீட்டுக் கம்பெனிக்குக் குடிபோய்விட்டது. ஆவணம் முழுக்க க்ரொம்மதன் என்று ஒரே தட்டாக மாற்றுபவர்கள் 'அண்டர்ரைட்டிங் பாலிசி' என்ற தொடரில் மாட்டிக்கொள்வார்கள். அங்கே வருவது எந்த ஆபத்தை ஏற்பது, எதை மறுப்பது என்ற கம்பெனிக் கொள்கை. அதாவது நயோபாய்.

அடுத்தது இன்சூரர், இன்சூர்டு. கடைசி எழுத்து 'ஆர்' என்றால் பணம் கொடுக்க வேண்டியவர், 'டி' என்றால் வாங்க வேண்டியவர். வேகமாகத் தட்டச்சு செய்யும் கைக்கு இது ஒரு பெரிய வித்தியாசமே இல்லை. தாய்லாந்தின் சிவில் வணிகச் சட்டம் 862ஆம் பிரிவில் முதலாமவரை 'பூ ரப் ப்ரகன் பை' என்றும் இரண்டாமவரை 'பூ அவ் ப்ரகன் பை' என்றும் பிரித்து வைத்திருக்கிறது. ரப் என்றால் ஏற்பது, அவ் என்றால் எடுத்துக்கொள்வது. 'பை' என்பது நம் பயம்தான். தாய் மொழியில் ஆபத்து என்று பொருள். மூல ஆங்கிலத்திலேயே இந்த எழுத்து இடம் மாறி வருவதுண்டு. அப்போது மொழிபெயர்ப்பாளர் சத்தமில்லாமல் திருத்திவிடக் கூடாது. பக்கம், வரி எண்ணோடு எழுதிக் கேட்க வேண்டும். ஒப்பந்தத்தில் எது பிழை, எது பேரம் என்று சொல்லும் உரிமை கையெழுத்திட்டவர்களுக்குத்தான்.

பிரின்சிபலுக்கு வருவோம். 'எல்-இ'யில் முடிந்தால் கொள்கை, நெறி. தாய் மொழியில் 'லக் கான்'. 'ஏ-எல்'லில் முடிந்தால் அது மூன்று ஆளாகப் பிரியும். பள்ளியில் 'க்ரு யாய்', பெரிய குரு. ஏஜென்டை வைத்து வேலை வாங்குபவர் என்றால் 'துவா கான்'. 797ஆம் பிரிவு அவரையும் அவருடைய முகவரான 'துவா தேன்' என்பவரையும் ஜோடியாக வைக்கிறது. கடனில் என்றால் 'ஙோன் தொன்'. தமிழில் எண்ணிக்கையோடு நின்றுபோன ஙகரம் அங்கே சொல்லுக்கு முதலெழுத்தாகவே வரும். ஙோன் என்றால் வெள்ளி, பணம். தொன் என்றால் அடிமரம், தொடக்கம். நாம் 'முதல்' என்பதும் ஏறக்குறைய இதேதான். இதோடு வட்டியைச் சேர்த்துப் பார்த்தால்தான் அழகு தெரியும். வட்டிக்குத் தாய் மொழியில் 'டோக் பியா'. டோக் என்றால் பூ, பியா என்றால் ஒருகாலத்தில் சில்லறைக் காசாகப் புழங்கிய சோழி. மரம் அசல், அதில் பூத்த சோழி வட்டி. தனியார் கடனுக்கு ஆண்டு வட்டி 15 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது 654ஆம் பிரிவு. வட்டிக்கு வட்டி கூடாது, ஆனால் ஓராண்டுக்குக் குறையாமல் நிலுவை நின்றால் எழுத்துமூலம் ஒப்புக்கொண்டு அதை அசலில் சேர்க்கலாம் என்பது 655. அந்தப் பிரிவில் சொல் தலைகீழாக, 'தொன் ஙோன்' என்று நிற்கும். வங்கிப் படிவங்களில் ஙோன் தொன். சட்டத்தை மேற்கோள் காட்டும் வரியில் மட்டும் சட்டத்தின் வரிசையை அப்படியே விட வேண்டும்.

காப்பீட்டு பிரீமியமும் சோழிதான்: 'பியா ப்ரகன்'. ஆனால் தாய் அலுவலகப் பேச்சில் 'கோங் பிரீமியம்' என்றால் கம்பெனி பெயர் அச்சடித்து இலவசமாகத் தரும் குடையும் கோப்பையும்.

அதிக வம்பு செய்யும் ஜோடி அஃபெக்ட், எஃபெக்ட். இரண்டும் 'செய்' என்று பொருள்படும் லத்தீன் 'ஃபாச்செரே'வின் பிள்ளைகள். அஃபெக்ட் ஒன்றின் மேல் போய்ப் படுவது, எஃபெக்ட் செய்து முடித்ததில் வெளிவருவது. தாய் மொழியில் முதலாவது 'ஸொங் பொன் தோ', இரண்டாவது 'பொன்'. நம் பொன்னுக்கும் இதற்கும் தொடர்பில்லை. இது சமஸ்கிருத 'பல', நம் பலன். சொல்லின் கடைசியில் வரும் லகரத்தைத் தாய் மொழி னகரமாக ஒலிக்கும். பழத்தைச் சொல்லும்போது 'பொன்லமாய்' என்று அந்த லகரம் மறுபடி எட்டிப்பார்க்கும். இதுவரை சுலபம். எஃபெக்ட் வினையாக வரும்போதுதான் விபத்து நடக்கும். 'டு எஃபெக்ட் பேமென்ட்' என்றால் பணம் செலுத்துவது, 'ச்சம்ரா ஙோன்'. அதை அஃபெக்ட் என்று படித்தவர் 'பணம் செலுத்துவதைப் பாதிக்கும்' என்று எழுதிவிடுவார், கட்டளை எச்சரிக்கையாகிவிடும். பயணக் காப்பீட்டில் 'பர்சனல் எஃபெக்ட்ஸ்' என்றால் பெட்டி, துணிமணி, கைக்கடிகாரம். 'கோங் ச்சாய் சுவான் துவா'. இதைத் 'தனிப்பட்ட விளைவுகள்' என்று மாற்றினால், தொலைந்த பெட்டிக்கு இழப்பீடு கேட்பவர் பத்திரத்தில் பெட்டியையே காணமாட்டார்.

இன்ஷூர், என்ஷூர் இரண்டும் ஒரே சொல்லின் இரண்டு எழுத்துமுறைகளாகத்தான் இருந்தன. காப்பீடு தனித் தொழிலாக வளர்ந்தபோது 'ஐ' அந்தப் பக்கம் போய்விட்டது. பக்கத்தில் 'அகெய்ன்ஸ்ட்' என்று தீ, திருட்டு, வெள்ளம் எது வந்தாலும் காப்பீடு, 'ப்ரகன் பை'. பின்னால் 'தட்' என்று ஒரு முழு வாக்கியம் தொங்கினால் உறுதிசெய்தல், 'தம் ஹை நே ஜை'. கட்டுமான ஒப்பந்தத்தில் இந்த எழுத்து பிசகினால், கதவைப் பூட்டிவைக்க வேண்டிய ஒப்பந்தக்காரர் கதவுக்குக் காப்பீடு எடுக்க வேண்டியவர் ஆகிவிடுவார்.

நெக்ளிஜன்ட், நெக்ளிஜிபிள் என்ற ஜோடி தமிழ் தெரிந்தவர்களுக்கு இரட்டைப் பொறி. முதலாவது கவனக்குறைவு, இரண்டாவது கணக்கில் எடுக்க வேண்டாத அளவு சிறியது, 'லெக் நோய்'. கவனக்குறைவுக்குத் தாய் மொழியில் 'ப்ரமாத்'. நம் ஊரில் பிரமாதம் என்றால் கைதட்டுவோம். அங்கே, காப்பீடு எடுத்தவரின் படுமோசமான ப்ரமாத்தால் நட்டம் வந்தால் கம்பெனி பணம் தர வேண்டியதில்லை என்கிறது 879ஆம் பிரிவு. பாலி வழக்கில் பிரமாதம் என்பது விழிப்பின்மை. தாய் மொழி அதை அப்படியே காப்பாற்றி வைத்திருக்கிறது, விலகி வந்தவர்கள் நாம். 'சொங்சான்' என்றால் இரக்கம், அது நம் சம்சாரம். சொல்லின் முகம் தெரிந்ததாக இருந்தாலே அகராதியைப் பிரித்துவிடுவது நல்லது.

மற்ற ஜோடிகள் இவ்வளவு ஆபத்தானவை அல்ல. ஓட்டல் அறையில் இலவசமாக வைக்கும் தண்ணீர் 'ஐ' போட்ட கம்ப்ளிமென்டரி. தாய் மொழியில் 'அபிநந்தனாகான்', நம் அபிநந்தனம். 'இ' போட்டது குறையை நிரப்புவது, 'சுவான் தொம் தெம்'. ஸ்டேஷனரியில் 'இ' இருந்தால் எழுதுபொருள், 'க்ருயாங் கியன்'. 'ஏ' இருந்தால் நகராமல் நிற்பது, 'யூ கப் தீ'. ஊர் ஊராகத் திரியாமல் பல்கலைக்கழகத்தை ஒட்டி ஒரே இடத்தில் கடை போட்டவர் ஸ்டேஷனர். அதனால் இரண்டும் சகோதரங்கள்தான். ஒரே 'எஸ்' உள்ள டெசர்ட் பாலைவனம், 'தலே ஸாய்', மணற்கடல். இரண்டு 'எஸ்' என்றால் சாப்பாட்டுக்குப் பின் தட்டெடுத்ததும் வருவது, 'கோங் வான்', இனிப்புப் பண்டம். யாரும் இவற்றால் வழக்குப் போடப்போவதில்லை.

தாய் மொழி கைவிடும் இடங்களும் உண்டு. ஹிஸ்டாரிக் என்றால் வரலாற்றில் இடம்பிடித்தது, ஹிஸ்டாரிக்கல் என்றால் வரலாறு சம்பந்தப்பட்டது. தாய் மொழியில் இரண்டுக்கும் 'ப்ரவத்திஸாத்' போட்டே ஒப்பேற்றுவார்கள். அங்கே சொல்லை நம்பாமல் வாக்கியத்தை உடைத்து எழுத வேண்டும்.

தாய்க்காரர்களுக்கு இந்தத் தொல்லை புதிதும் அல்ல. ஒலி ஒன்று, எழுத்து வேறு என்ற சொற்களை 'கம் பொங் சியங்' என்பார்கள். நிலா, சந்தனம் இரண்டும் அங்கே 'ஜன்' என்றே ஒலிக்கும். எழுத்தில் மட்டும் சந்திரனின் ரகரமும் சந்தனத்தின் னகரமும் தலையில் ஒரு சிறு குறியோடு ஊமையாக உட்கார்ந்திருக்கும். 'பன்' இன்னும் மோசம்: ஆயிரம், பந்து, பந்தம், பாண்டம், வர்ணம் ஐந்தும் அதே ஒலி. நெல் ரகத்துக்குப் பந்து, உறவுக்குப் பந்தம், உற்பத்திப் பொருளுக்குப் பாண்டம். உற்பத்திப் பொருளில் பந்தத்தைப் போட்டு எழுதிய பலகைகளைக் கடைத்தெருவிலேயே பார்க்கலாம். பனியா பணியா என்று தடுமாறும் நமக்கு இது புரியும். புதிதாக வேலைக்குச் சேரும் தாய்க்காரரிடம் ஸ்டேஷனரியை இலக்கணமாக விளக்குவதைவிட, 'இதுவும் ஒரு பன்' என்றால் உடனே பிடித்துக்கொள்வார்.

வேலையில் இறங்கும் முன் ஆவணம் முழுவதையும் ஒரு தேடல் ஓட்டிவிட வேண்டும். முழுச் சொல்லைத் தேடக் கூடாது, ஜோடிக்குப் பொதுவான துண்டைத் தேட வேண்டும். பிரின்சிபலின் முதல் ஏழெழுத்தைப் போட்டால் இரண்டும் வந்து விழும். 'என்-எஸ்-யு-ஆர்' என்ற நாலெழுத்து இன்ஷூர், என்ஷூர் இரண்டையும் வளைத்துப் பிடிக்கும். 'எஃப்-எஃப்-இ-சி-டி' போட்டால் அஃபெக்ட் குடும்பம் மொத்தமும் வரும். கிடைத்த ஒவ்வொரு இடத்துக்கும் பக்க எண், பக்கத்துச் சொற்கள், ஒரு வரியில் பொருள், தாய்ச் சொல் என்று நாலு கட்டம் போட்டு எழுதிவைக்க வேண்டும். நாற்பது பக்கப் பத்திரத்துக்கு இது அரைநாள் வேலையைத் தின்னும். 'அனைத்தையும் மாற்று' பொத்தானை இந்தச் சொற்களுக்குத் தொடவே கூடாது. முடிந்ததும், ஆங்கில மூலத்தைப் பார்க்காத ஒருவர் தாய்ப் பிரதியை மட்டும் படித்து, யார் யாருக்கு எப்போது எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று வாயால் சொல்ல வேண்டும். எங்கே தயங்குகிறாரோ அங்கே பெரும்பாலும் ஓரெழுத்து பிசகியிருக்கும்.

பக்கம் வடிவமைத்த பிறகும் ஒருமுறை பார்க்க வேண்டும். தாய் மொழியில் சொற்களுக்கு நடுவே இடைவெளி கிடையாது, தொடர் முடியும்போதுதான் விடுவார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்த உதாரணம் ஒன்று உண்டு: ஒரே எழுத்துக் கோவையைத் 'தா க்லோம்' என்று பிரித்தால் உருண்டைக் கண், 'தாக் லொம்' என்று பிரித்தால் காற்றாட இருப்பது. வரி எங்கே உடைய வேண்டும் என்பதை மென்பொருள் தன் அகராதியைப் பார்த்துத்தான் முடிவு செய்யும். அகராதியில் இல்லாத பெயரோ கலைச்சொல்லோ வந்தால் தவறான இடத்தில் வெட்டிவிடும். அதற்குச் சொல் எல்லையில் அகலமே இல்லாத ஓர் இடைவெளியைச் செருகிவைப்பார்கள். அச்சில் அது கண்ணுக்குத் தெரியாது; வரி மட்டும் சரியான இடத்தில் உடையும்.