செம்பருத்திச் செடியில் ஒரு தையற்கூடு

திருநெல்வேலிப் பக்கத்து வீடுகளில் புறவாசல் என்று ஒன்று மிஞ்சியிருந்து, அங்கே ஒரு செம்பருத்தியும் எலுமிச்சையும் நிழலுக்கு ஒரு பூவரசும் நின்றால், தையல்சிட்டும் அங்கே குடியிருக்கிறது என்று பெரும்பாலும் நம்பலாம். கண்ணில் படுவதற்கு முன் காதில் விழுந்துவிடும் பறவை இது. அதிகம் போனால் பத்து கிராம் எடையும், வாலோடு சேர்த்து அரைச் சாணுக்குச் சற்றே கூடிய நீளமும் கொண்ட இந்தக் குருவியின் ‘ட்டுவீ, ட்டுவீ, ட்டுவீ’ என்னும் ஓயாத குரலைக் கேட்டவர்கள், குறைந்தது மைனா அளவில் ஏதோ ஒன்று கொப்பில் உட்கார்ந்திருக்கும் என்று எண்ணி அண்ணாந்து தேடுவார்கள். அதுவோ இடுப்பளவு உயரத்துச் செடிக்குள், வாலை நெட்டுக்குத்தாக நிமிர்த்திக்கொண்டு, இலைக்கு இலை தாவிக்கொண்டிருக்கும்.

செம்பழுப்பு உச்சந்தலை, பாசிப்பச்சை முதுகு, வெளிறிய வயிறு, நுனி லேசாக வளைந்த நீண்ட மெல்லிய அலகு ஆகியவை இதன் அடையாளங்கள். கூடு கட்டும் பருவத்தில் ஆணின் வால் நடுவில் இரண்டு இறகுகள் ஊசிபோல் நீண்டுவிடுவதால் அப்போது ஆணையும் பெண்ணையும் பிரித்தறிவது எளிது. மற்ற நாட்களில் அது அவ்வளவு எளிதன்று. அருகிலிருந்து பார்க்க வாய்த்தால் இன்னொன்றும் தெரியும். குரல் எழுப்பும்போது கழுத்தின் இரு பக்கமும் கறுப்புப் பட்டை ஒன்று தோன்றித் தோன்றி மறையும். அது கறுப்பு இறகு அன்று. தொண்டை விரியும்போது இறகுகள் விலகுவதால் அடியில் இருக்கும் கருந்தோல் வெளித்தெரிகிறது.

கூடுதான் இந்தப் பறவைக்குப் பெயர் வாங்கித் தந்தது. தையல் வேலை பெரும்பாலும் பெண்ணுடையது. செடியில் உயிரோடு இருக்கும் அகன்ற இலை ஒன்றை அது தேர்ந்தெடுத்து, அதன் இரு விளிம்புகளையும் ஒன்றோடொன்று இழுத்து மடக்கிப் பைபோல் ஆக்குகிறது. ஓர் இலை போதாவிட்டால் இரண்டு, மூன்று இலைகளைக்கூடச் சேர்த்துக்கொள்ளும். அலகு நுனியால் விளிம்பில் துளையிட்டு, பஞ்சு இழையையோ சிலந்தி நூலையோ நார்த் துணுக்கையோ அதில் நுழைத்து மறுபக்கம் இழுக்கிறது. முடிச்சு எதுவும் போடுவதில்லை. வெளியே வந்த இழையின் நுனி பிரிந்து உப்பிப் பொதியாகி, தகரத்தில் அடித்த ரிவிட்டுபோல் துளையில் சிக்கி நின்றுவிடுகிறது. ஒவ்வொரு தையலும் தனித்தனி என்பதால் ஒன்று நழுவினாலும் அடுத்தது தாங்கும். எங்கள் செம்பருத்தியில் இருந்த ஒரு கூட்டைத் தொடாமல் குனிந்து பார்த்தபோது, விளிம்பு நெடுகப் பஞ்சுப் பொட்டுகள் வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தன. துளைகளைச் சுற்றி இலை கருகவே இல்லை. அவ்வளவு சிறிய துளைகள் என்பதால் இலை வாடாமல் பச்சையாகவே நிற்கிறது. இலையின் மேற்புறமே வெளியில் அமையும்படி மடக்கப்படுவதால், தூரத்திலிருந்து பார்க்கும் காக்கைக்கு அது இன்னுமோர் இலை, அவ்வளவுதான். அந்தப் பைக்குள்ளேதான் பஞ்சும் மயிரும் மெல்லிய நாரும் பரப்பிய உண்மையான கூடு இருக்கிறது.

பஞ்சுக்கு எங்கள் பக்கம் பஞ்சமில்லை. பங்குனி, சித்திரையில் இலவங்காய் வெடித்துத் தெருவெல்லாம் பறக்கும். தண்டவாளம் ஓரத்திலும் புறம்போக்கிலும் எருக்கங்காய் பிளந்து கிடக்கும். வடக்கே கரிசல் காட்டுக்குப் போனால் பருத்தியே இருக்கிறது. எனக்கு வியப்பூட்டுவது பஞ்சைவிடக் காற்றுதான். இந்தியாவில் தையல்சிட்டு பெரும்பாலும் மார்ச் தொடங்கி டிசம்பர் வரை கூடு கட்டும் என்றாலும், ஜூன் முதல் ஆகஸ்ட் வரையே உச்சம் என்பார்கள். ஆனி, ஆடி மாதங்களில் மலைக் கணவாய்கள் வழியாக வந்து அம்மியையே பறக்கவைக்கும் காற்று அடிக்கும் சீமை இது. காற்றாலைகளைச் சுற்றவைக்கும் அந்தக் காற்றில், ஒரே காம்பில் தொங்கும் இலையில் முட்டையும் தாயும் சேர்ந்து ஆட வேண்டியிருக்கிறது. இலை கிழிந்தால் கூடு போயிற்று. செடியின் உட்புறத்தில், தரையிலிருந்து அதிக உயரமில்லாத இலையை இது நாடுவதற்குக் காரணம் ஒளிந்துகொள்வது மட்டும்தான் என்று எனக்குத் தோன்றவில்லை.

பொதுவாக மூன்று முட்டை, சில சமயம் கூடுதலாக ஒன்றோ இரண்டோ இருக்கும். சுமார் பன்னிரண்டு நாளில் குஞ்சு பொரிக்கும். பிறகு ஏறக்குறைய இரண்டு வாரத்தில் பறந்துவிடும். தாயும் தகப்பனும் சேர்ந்தே இரை ஊட்டுகின்றன. ஊட்டுவதெல்லாம் புழு, வண்டு, சிறு பூச்சிகள்தான் என்பதால், இது குடியிருக்கும் கத்தரிப் பாத்திக்குப் பூச்சிமருந்து அடிப்பதை இரட்டை நட்டம் என்றே நான் சொல்வேன். முள்ளிலவு பூக்கும் காலத்தில் தேனும் குடிக்கும். அப்போது நெற்றியெல்லாம் மகரந்தம் அப்பி மஞ்சளாகி, இது வேறு ஏதோ குருவி என்று ஆளை மயக்கும்.

இலை தைப்பதெல்லாம் தையல்சிட்டுதான் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. இதே குடும்பத்தைச் சேர்ந்த சாம்பல் கதிர்க்குருவியும் இலைகளைக் கோத்துக் கூடு கட்டுகிறது. அதன் முட்டை செங்கல் நிறத்தில் பளபளக்கும். தையல்சிட்டின் முட்டையோ வெளிறிய நிறத்தில் செம்பழுப்புப் புள்ளிகளோடு இருக்கும். அதற்காகக் கூட்டை விரித்துப் பார்க்க வேண்டியதில்லை. சற்றுத் தள்ளி நின்றால் உள்ளே போகிற பறவையே சொல்லிவிடும்.

செம்போத்து, பூனை, ஓணான், எலி என்று பகைக்குக் குறைவில்லை. இவற்றோடு நாமும் உண்டு. புறவாசலைச் சுத்தம் செய்கிறேன் என்று கத்தரிக்கோலோடு இறங்கினால், தைத்த இலை மற்ற இலைகளோடு குப்பைக்குப் போய்விடும். பக்கத்து வீட்டு ஆச்சி மதிலுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, “எய்யா, அந்தக் கொப்ப மட்டும் வெட்டிராத, ரெண்டும் மாறி மாறி இரை கொண்டு போகுது” என்று சொன்னதால்தான் எங்கள் செம்பருத்தி ஒரு பக்கம் மட்டும் தாறுமாறாக வளர்ந்து நிற்கிறது. வெட்டியே ஆக வேண்டும் என்றால் முதலில் செடிக்கு அடியில் குனிந்து, மேல்நோக்கிப் பார்ப்பது நல்லது. மேலிருந்து பார்க்கும்போது தெரியாத பஞ்சுப் பொட்டுகள் அங்கிருந்து பளிச்சென்று தெரியும். கூடு இருந்தால், குஞ்சுகள் வெளியேறிய பிறகு வெட்டிக்கொள்ளலாம். அதற்குச் சில வாரங்களே ஆகும்.