பேச்சில் சேரக் கற்றுக்கொண்டேன்

எனக்கு ஆட்டிசம் என்று தெரியவந்தபோது வயது 27. அரசாங்க மருத்துவமனையில் டாக்டர் விண்ணப்பப் பாரத்தை நிரப்பிக் கொடுத்தார், சமூக நல இலாகாவில் ஓகேயு அட்டை, அதாவது மலேசியாவில் மாற்றுத்திறனாளிகளுக்குத் தரும் அட்டை, எடுத்தோம். ஆட்டிசத்துக்குத் தனிப் பிரிவு கிடையாது. கற்றல் சிக்கல் என்ற பிரிவில்தான் பதிவு. அதுவரைக்கும் சரி. அப்புறம் சுங்கை சிப்புட்டில் விசாரித்த இடமெல்லாம், பேசிப் பழகக் கற்றுத்தரும் வகுப்பு சிறுபிள்ளைகளுக்குத்தான். பாமாயில் எடுக்கும் செம்பனை ஆலையில் எடைப்பாலத்தில் வேலை பார்க்கிற ஆளுக்கு ஒன்றும் இல்லை.

அக்காதான் ஸூமில் நடக்கும் பீயர்ஸ் (PEERS) என்ற, மற்றவர்களோடு பழகக் கற்றுத்தரும் பயிற்சியைத் தேடிப் பிடித்தார். அமெரிக்காவில் யுசிஎல்ஏ பல்கலைக்கழகத்தில் எலிசபெத் லாகெசன் உருவாக்கியது. இளைஞர்களுக்கு 16 வாரம், வாரத்துக்கு ஒன்றரை மணி நேரம். வீட்டாள் ஒருவரும் கூடவே பயிற்சி எடுத்து நம்மைப் பழக்க வேண்டும். எனக்கு அக்கா.

எனக்கு அதிகம் உதவியது, நாலு பேர் பேசும் இடத்தில் சேரும் பாடம். முதலில் தள்ளி நின்று கேட்க வேண்டும். விஷயம் நமக்கும் தெரிந்ததா என்று பார்த்து, பேச்சில் இடைவெளி வரும்வரை காத்திருந்து, அதையே ஒட்டி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். யாரும் நம் பக்கம் திரும்பவில்லையா, விலகிவிடலாம். "நாலு பேரோடு பழகு" என்று ஊரே சொல்லியிருக்கிறது. எப்படி என்று அதுவரை ஒருவரும் சொன்னதில்லை.

ஆலைக்கு எதிரே ஒட்டுக்கடையில் லாரிக்கார அண்ணன்கள் செம்பனைக் குலை விலையைப் பேசிக்கொண்டிருந்தார்கள். தே தாரிக்கோடு நின்றேன். ஒருவர் கிளாசை வாயில் வைத்ததும், "இன்றைக்கு வந்த லோடில் காய்க்குலை அதிகம், எடையில் கழித்துவிட்டார்கள்" என்றேன். "அப்படியா தம்பி? எந்தத் தோட்டத்து லோடு?" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார்.

எல்லாம் இங்கே அப்படியே பொருந்தாது. புதிதாகப் பழகுபவரிடம் சொந்த விஷயத்தைத் தோண்டாதே என்பது பாடம். நம் ஊரில் கோயில் வாசலிலேயே சம்பளம் எவ்வளவு, கல்யாணம் எப்போது என்று மாமாக்கள் கேட்பார்கள். அது அவர்கள் காட்டும் அக்கறை. அதற்கான பதில்களை அக்காவும் நானும் சமையலறையில் பேசிப் பேசிப் பழகினோம். "பார்த்துக்கொண்டிருக்கிறோம் மாமா, உங்கள் மகன் எங்கே வேலை?" இது எப்போதும் கைகொடுக்கிறது.

கண்ணைப் பார்த்துப் பேசுவது மட்டும் எனக்கு ஆகவில்லை. பார்த்தால் எதிராளி சொல்வது காதில் ஏறாது. பயிற்றுநரிடம் சொன்னேன், முகத்தின் பக்கம் திரும்பினாலே போதும் என்றார். சேர நினைப்பவர்கள் இதை முதல் வாரத்திலேயே கேட்டுவிடுங்கள். நம்மை மறைத்து நடிக்கச் சொல்லும் பயிற்சி நமக்கு வேண்டாம்.

போனில் பேசுவது இன்னும் கஷ்டம்தான். இப்போது அதைத்தான் அக்காவோடு பழகிக்கொண்டிருக்கிறேன்.