மறைக்காட்டிலிருந்து கோடிக்குழகர் வரை

2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபோது, எங்கள் வீட்டுக் கொல்லையின் தென்னைகளும் மாமரங்களும் வேரோடு சாய்ந்தன. தனியாக இருந்த அம்மாவுக்குத் துணையாக ஊர் திரும்பிய நான், அவர் காலமான பின்னும் இங்கேயே தங்கிவிட்டேன். என் கணவர் மறைந்து நெடுங்காலமாகியிருந்தது. மகள் திருமணமாகி வெளியூரில் இருந்தாள்.

மாலை வேளைகளில், திருமறைக்காடு என்று பழம்பெயர் கொண்ட எங்கள் வேதாரண்யத்துச் சிவபெருமானாகிய மறைக்காடர் சந்நிதியே கதி என்றிருந்தேன். அங்கே தேவாரம் ஓதுபவர்களில் ஒருவர், உப்பளத்தில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர். வேதங்கள் பூசித்து அடைத்துச் சென்றதாகச் சொல்லப்படும் திருக்கதவைத் திறக்க அப்பர் பெருமான் பாடிய பதிகத்தை அவர் ஓதும்போது, கடைசிப் பாட்டில் 'இரக்கம் ஒன்றிலீர்' என்னும் இடத்தில் குரல் சற்றே தழுதழுக்கும். அதன் பிறகே கதவு திறந்தது என்கிறது பெரியபுராணம். திறந்த கதவை மீண்டும் அடைக்கச் சம்பந்தப் பிள்ளையார் முதற்பாட்டைப் பாடியதுமே அது அடைத்துக்கொண்டது. முதிய அடியாரான அப்பரை இறைவன் ஏன் அவ்வளவு நேரம் நிற்க வைத்தார் என்று ஒருநாள் அவரிடம் கேட்டேன். "அந்தத் தமிழை முழுவதும் கேட்க ஆசைப்பட்டிருப்பார், அம்மா" என்றார். எங்கள் பேச்சு தொடங்கியது அப்படித்தான்.

பேச்சு நட்பாகி, நட்பு அன்பாகிவிட்டது என்று உணர்ந்தபோது எனக்கு அச்சமே மிகுந்தது. ஐம்பதைக் கடந்த ஒரு பெண் மறுமணத்தை நினைப்பதை ஊர் எப்படிப் பார்க்கும் என்பது எனக்குத் தெரியும். ஆயினும் மூலவருக்குப் பின்னே அம்மையும் அப்பனும், அகத்தியருக்குக் காட்சி தந்த மணக்கோலத்திலேயே எழுந்தருளியிருக்கும் தலத்தில், அந்த நினைப்பை ஒரு குற்றமாகக் கருத என்னால் முடியவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை இருவரும் கோடிக்கரைக்குப் புறப்பட்டோம். அகத்தியம்பள்ளி உப்பளங்களைக் கடக்கையில் வண்டியை நிறுத்தி, பாத்தி ஓரத்தில் புதிதாகப் பூத்திருந்த உப்பை விரல் நுனியில் எடுத்துக் காட்டினார். 1930 ஏப்ரலில் ராஜாஜியின் தலைமையில் திருச்சியிலிருந்து நடந்து வந்தவர்கள் உப்பு அள்ளிய மண் அது.

கோடிக்கரையில் உள்ள கோடிக்குழகர் என்னும் சிவன் கோயிலுக்குச் சேர மன்னர் சேரமான் பெருமாளோடு வந்த சுந்தரர், அக்கம்பக்கத்தில் ஒரு குடியும் இல்லாமல் இறைவன் தனித்திருப்பதைக் கண்டு கண்ணீர் வடித்தார். கடற்காற்று கடிதாய் வந்து மோதும் இக்கரையில் உமக்கு யார் துணை என்று கேட்டார். காட்டுப் பொந்துகளில் ஆந்தையும் கூகையும் குழறினால் உடனிருக்கும் அம்மை அஞ்சமாட்டாளோ என்றும் கவலைப்பட்டார். வழிபட வந்தவர் இறைவனின் தனிமைக்காக உருகிய இப்பதிகத்தைவிட நெருக்கமான பக்தியை நான் அறியேன். அம்மா போன பிறகு, இரவில் காற்று ஓங்கி வீசினால் மறுநாள் காலை "பயந்தீர்களா?" என்று விசாரித்தவர் இவர் ஒருவர்தான்.

அர்ச்சனைக்குக் குருக்கள் பெயரும் நட்சத்திரமும் கேட்டார். நான் வாய் திறக்குமுன், தம்முடையதைச் சொல்லி, தொடர்ந்து என் பெயரையும் அனுஷம் என்பதையும் அவரே சொன்னார். நான் ஒருபோதும் அவரிடம் சொன்னதில்லை; மறைக்காட்டில் நான் அர்ச்சனை செய்தபோதெல்லாம் கேட்டு மனத்தில் வைத்திருந்திருக்கிறார். மைத்தடங்கண்ணி அம்மை சந்நிதியில் நிற்கும்போதுதான் என் சம்மதத்தைச் சொன்னேன்.

அன்றிரவே மகளிடம் பேசினேன். சற்று நேரம் மௌனமாக இருந்தவள், "அவருக்கு உன் சமையல் பிடிக்குமா, அம்மா?" என்று கேட்டாள். தை மாதம் மறைக்காடர் சந்நிதியில் மாலை மாற்றிக்கொள்வதாக இருக்கிறோம். அப்பர் பதிகத்தை அவர் ஓதுவார். கோடிக்குழகர் பதிகத்தை என்னை ஓதச் சொல்லியிருக்கிறார், தினமும் பாடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.