கருமத்தம்பட்டி வழியில் ஒரு போசித் தண்ணீர்

ஒவ்வொரு அக்டோபரிலும் ஜெபமாலை மாதா திருவிழாவுக்குக் கோவையிலிருந்து கருமத்தம்பட்டிக்கு நடந்து போவோம். ராத்திரி கிளம்பினால் விடியற்காலைத் திருப்பலிக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம். இந்த முறை மருந்துப் பை என் தோளில். கடைசியாக வருகிறவர்களோடு நடந்து, கொப்புளம் கண்ட கால்களுக்குக் கட்டுப் போடுகிற வேலை. நானே கேட்டு வாங்கியது. ஏழைகளுக்கு உதவுகிற வின்சென்ட் தே பவுல் சபையில் சேர்ந்து ஞாயிறுதோறும் வீடு வீடாகப் போகிறவள் நான். சேவை என்றால் நான் செய்வது என்றே மனசில் ஊறிப்போயிருந்தது.

நீலம்பூர் தாண்டியதும் செருப்பு வார் அறுந்தது. யாரிடமும் சொல்லாமல் வெறுங்காலில் நடந்தேன். கணியூருக்கு அப்பால் முடியவில்லை. தறிச்சத்தம் கேட்ட ஒரு வீட்டு வாசலில் உட்கார்ந்துவிட்டேன். உள்ளேயிருந்து ஒரு அம்மா வந்தார். நெற்றியில் திருநீறு, புருவமெல்லாம் பஞ்சுத் தூசி.

"ஏனுங் அம்மிணி, மாதா கோயலுக்குங்களா? காலை நீட்டுங்க."

"வேண்டாங்க்கா, நானே பாத்துக்கறேன்."

"தறிகிட்ட நின்னே காலம் போச்சு. கால்நோவு எனக்குத் தெரியாதுங்களா? சித்த நீட்டு கண்ணு."

போசியில் வெதுவெதுப்பாகத் தண்ணீர், அதில் ஒரு கை கல்லுப்பு. விரலிடுக்கில் ஒட்டியிருந்த மண்ணை ஒவ்வொன்றாக வழித்தெடுத்தார். கஞ்சி வாசம் போகாத காடாத் துணியால் ஒற்றித் துடைத்தார். எனக்குக் கூசியது. அழுகையும் வந்தது.

ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழன்தோறும் ஃபாதர் 12 பேர் காலைக் கழுவுவதைப் பார்த்திருக்கிறேன். இயேசு துண்டைக் கட்டிக்கொண்டு வந்தபோது, என் காலைக் கழுவ விடமாட்டேன் என்று பேதுரு மறுத்ததை யோவான் 13ஆம் அதிகாரத்தில் எத்தனையோ தடவை வாசித்திருக்கிறேன். அது மரியாதை என்றே நினைத்திருந்தேன். அதில் வீம்பும் உண்டு என்று அந்த வாசலில்தான் தெரிந்தது.

கோயிலில் முழங்காலிட்டபோது, அந்தக் காலத்தில் இந்தப் பகுதிக்கு ஆயராக இருந்த பிரெசில்லாக்கின் நினைவு வந்தது. 1846 அக்டோபர் 4ஆம் தேதி இதே கருமத்தம்பட்டியில்தான் அவரை ஆயராக்கிய திருநிலைப்பாட்டுச் சடங்கு நடந்தது. பிறகு அந்தப் பதவியை விட்டுவிட்டு, ஆப்பிரிக்க மக்களுக்குப் பணி செய்ய ஒரு சபையைத் தொடங்கினார். 1859இல் சியரா லியோன் போய் இறங்கிய சில வாரங்களிலேயே மஞ்சள் காய்ச்சலில் இறந்தார். கூட இருந்த குருக்கள் சாகக் கிடந்தபோது பக்கத்திலேயே இருந்தவர், கடைசியில் அவரும் இன்னொருவர் கையில்தானே கிடந்திருப்பார்! அதை நினைத்துக்கொண்டே செபமாலை சொன்னேன்.

அடுத்த ஞாயிறு, நாங்கள் அரிசி கொண்டுபோய்க் கொடுக்கும் ஒரு பாட்டி வழக்கம்போல, "ஒரு வாய் காப்பி குடிச்சுட்டுப் போ கண்ணு" என்றார். இத்தனை வருஷமும் நேரமாச்சு என்றே சொல்லி வந்திருக்கிறேன். அன்று பாயை விரித்து உட்கார்ந்தேன். பாட்டி டம்ளரை இரண்டு தரம் கழுவி, கருப்பட்டி கூடப் போட்டு, கை நடுங்க வரக்காப்பி கொண்டுவந்தார். நான் குடித்து முடிக்கும்வரை எதிரிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.