காலண்டரில் ஒரே மாதிரி ஏழு பெருக்கல் குறி

மாதம் முடிந்து காலண்டர் தாளைக் கிழிக்கப் போனபோதுதான் அதைக் கவனித்தேன். அதிகாலை 5 மணிக்கு எழுந்த நாளுக்கெல்லாம் சிவப்புப் பேனாவில் ஒரு பெருக்கல் குறி போட வேண்டும் என்பது நானே எனக்கு வைத்துக்கொண்ட விதி. முதல் வாரத்துக் குறிகள் ஒவ்வொன்றும் ஒரு தினுசாக இருந்தன: ஒன்று கட்டத்தை விட்டு வெளியே ஓடியிருந்தது, ஒன்று தூக்கக் கலக்கத்தில் கோணலாகிப் போயிருந்தது, இன்னொன்றில் மை பிடிக்காமல் இரண்டு தடவை கிறுக்கியிருந்தேன். மூன்றாவது வாரத்தில் ஏழும் அச்சடித்த மாதிரி. அதே சாய்வு, அதே அழுத்தம். சனிக்கிழமை ராத்திரி ஒரே மூச்சில் உட்கார்ந்து ஏழையும் போட்டவன் நான்தானே. அதில் நான்கு நாள் 5 மணிக்கு எழுந்தது உண்மை. ஒரு நாள் 5.40. மற்ற இரண்டு நாள் என்ன நடந்தது என்று எனக்கே நினைவில்லை, நினைவில்லாததை எனக்குச் சாதகமாக எழுதிக்கொண்டேன்.

இத்தனைக்கும் அந்தக் காலண்டரை என்னைத் தவிர யாரும் பார்ப்பதில்லை. பந்தயம் இல்லை, பரிசு இல்லை. நானே நடத்தும் பரீட்சையில் நானே பிட் அடித்திருக்கிறேன்!

நாற்பது வயதைத் தாண்டியதும் பலருக்கும் வருகிற கிறுக்குதான் எனக்கும் வந்தது. மாதம் ஒரு சவால் எடுப்பது, நான் எவ்வளவு தாங்குவேன் என்று பார்ப்பது, அவ்வளவுதான் திட்டம். மனைவியிடம் சொன்னபோது, "சரி, உங்க ஆரம்ப சூரத்தனம் எத்தனை நாளைக்குன்னு பார்க்கலாம்" என்றாள். அவள் பயந்தது பாதியில் விட்டுவிடுவேன் என்று. அது நடக்கவில்லை. ஏழு மாதத்தில் ஆறு சவால், ஆறையும் முடித்தேன். முடித்தேன் என்று நான் சொல்வதை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதுதான் இந்தப் பதிவு.

அதிகாலை எழுவதையே எடுத்துக்கொள்ளுங்கள். எழுவது என்றால் என்ன? கண் திறந்தால் போதுமா, உட்கார வேண்டுமா, அலாரத்தை அணைத்தால் எழுந்ததாகிவிடுமா? இதை முதலிலேயே யோசிக்கவில்லை. நான்காம் நாள் இந்தக் குழப்பம் வந்ததும், கால் தரையில் பட்டால் எழுந்ததாகக் கணக்கு என்று ஒரு விதி போட்டேன். ஒன்பதாம் நாள் போர்வைக்குள் படுத்தபடியே இடது காலை மட்டும் கீழே தொங்கவிட்டுத் தரையைத் தொட்டுவிட்டு, மறுபடி தூங்கினேன். கால் பட்டது, விதி மீறப்படவில்லை, பெருக்கல் குறி விழுந்தது. கேள்வித்தாள் தயாரித்தவனும், பரீட்சை எழுதியவனும், திருத்தியவனும் ஒரே ஆள் என்றால் இப்படித்தான் இருக்கும். வேலியே பயிரை மேய்ந்த கதை.

21 நாள் தாண்டினால் எந்தப் பழக்கமும் தானாக ஒட்டிக்கொள்ளும் என்று யாரோ சொன்னதை வேறு நம்பிக்கொண்டிருந்தேன். 22-ஆம் நாள் அலாரம் அடித்தபோது முதல் நாள் வந்த அதே எரிச்சல்தான் வந்தது. அப்புறம்தான் தேடிப் படித்தேன். மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் சர்ஜரி மருத்துவர், அறுவை சிகிச்சைக்குப் பிறகு தங்கள் புது முகத்துக்குப் பழகிக்கொள்ள நோயாளிகளுக்குக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று 1960-இல் எழுதியிருக்கிறார். காலப்போக்கில் அந்தக் "குறைந்தது" கழன்று விழுந்துவிட்டது, முகமும் விழுந்துவிட்டது, 21 மட்டும் மிஞ்சியது. லண்டனில் 96 பேரை வைத்து நடத்தி 2009-இல் வெளியான ஆய்வு ஒன்றில், தினமும் செய்யும் ஒரு சின்னக் காரியம் தன்னிச்சையாக வருவதற்கு 18 முதல் 254 நாள் வரை ஆகலாம் என்று தெரிந்தது, நடு மதிப்பு 66 நாள். அதில் எனக்குப் பிடித்தது வேறொரு விஷயம். நடுவில் ஒரு நாள் தவறிவிட்டால் பெரிதாக ஒன்றும் கெட்டுப்போவதில்லையாம். இதை முன்பே படித்திருந்தால் அந்த ஏழு குறியை அச்சடித்திருக்க மாட்டேன் என்று சொல்ல ஆசைதான். ஆனால் அடித்திருப்பேன்.

இரண்டாவது மாதம் குளிர்ந்த தண்ணீர். தினமும் குளித்து முடித்ததும், இருப்பதிலேயே குளிர்ந்த தண்ணீரைத் திறந்துவிட்டு 2 நிமிடம் அதன் கீழ் நிற்க வேண்டும். (இதய நோயோ இரத்த அழுத்தமோ இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இந்த விளையாட்டுக்குப் போகாதீர்கள்.) குளிர்ந்த தண்ணீர் திடீரென்று தோலில் படும்போது உடம்பு நம்மைக் கேட்காமலே ஒரு பெரிய மூச்சை இழுக்கும், அதைத் தொடர்ந்து மூச்சு வேகவேகமாக வாங்கும், இதயம் அடித்துக்கொள்ளும். இது பயம் இல்லை, உடம்பின் அனிச்சைச் செயல். இரண்டு மூன்று நிமிடத்தில் அடங்கிவிடும், அடுத்தடுத்து ஐந்தாறு தடவை பழகினால் அதன் வேகமும் கணிசமாகக் குறையும். எனக்கும் அப்படித்தான், இரண்டாவது வாரத்தில் கிட்டத்தட்ட ஒன்றுமே தெரியவில்லை. ஆஹா, நம் மன உறுதி எங்கேயோ போய்விட்டது என்று ஒரு நாள் முழுக்க மிதந்தேன்.

கடிகாரம் இல்லாமல் மனதுக்குள் ஒன்றிலிருந்து 120 வரை எண்ணித்தான் நின்றுகொண்டிருந்தேன். பத்தொன்பதாம் நாள் ஏதோ தோன்றி, கைப்பேசியில் நேரம் ஓடவிட்டு வாசலில் வைத்துவிட்டு உள்ளே போனேன். எண்ணி முடித்து, ஈரக் கையோடு எட்டிப் பார்த்தால் 71 விநாடி. என் 120, கடிகாரத்தின் 71! மூச்சோடு சேர்த்து எண்ணியிருக்கிறேன், மூச்சு வேகமாக வாங்கினால் எண்ணிக்கையும் வேகமாகத்தான் ஓடும். இதை வேண்டுமென்று செய்யவில்லை என்று சத்தியம் செய்யத் தயார். ஆனால் தவறு எப்போதும் என் பக்கம் சாதகமாகவே விழுகிறதே, ஒரு நாளாவது மெதுவாக எண்ணி 3 நிமிடம் நின்றேனா?

இதைப் பற்றியும் ஓர் ஆய்வு இருக்கிறது. நெதர்லாந்தில் 3,000-க்கும் மேற்பட்டவர்களை வைத்து, வெந்நீர்க் குளியலின் கடைசியில் 30, 60, 90 விநாடி குளிர்ந்த தண்ணீர் விட்டுப் பார்த்து, முடிவை 2016-இல் வெளியிட்டார்கள். வேலைக்கு உடம்பு சரியில்லை என்று விடுப்பு எடுப்பது 29 சதவீதம் குறைந்ததாம். ஆனால் உடம்பு சரியில்லாமல் இருந்த நாட்கள் குறையவில்லை! அதாவது சளி அதே அளவுக்குத்தான் பிடித்திருக்கிறது, மூக்கை உறிஞ்சிக்கொண்டே வேலைக்குப் போயிருக்கிறார்கள். 30 விநாடிக்கும் 90 விநாடிக்கும் பலனில் வித்தியாசம் இல்லையாம், இது என் 71 விநாடிக்குக் கொஞ்சம் ஆறுதல். ஆனால் ஒன்று, அந்த விடுப்புக் கணக்கு அவரவரே சொன்னது. என்னை மாதிரி ஆட்கள் அதில் எத்தனை பேரோ.

அடுத்து எடுத்த ஓட்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஓடவே ஓடாதவர்களுக்காக ஜோஷ் கிளார்க் என்பவர் 1996-இல் போட்ட ஒன்பது வாரத் திட்டம் ஒன்று பிரபலம். முதல் வாரம் 60 விநாடி ஓட்டம், 90 விநாடி நடை என்று மாற்றி மாற்றி 20 நிமிடம், அப்படியே கூட்டிக்கொண்டே போனால் கடைசியில் 5 கிலோமீட்டர். இரண்டு மாதம் எடுத்துச் செய்தேன், ஓடினேன், முட்டி வலித்தது, முடித்தேன். இதில் மட்டும் ஏமாற்றவில்லை, ஏனென்றால் தூரத்தையும் நேரத்தையும் கையில் கட்டியிருந்த கருவி அளந்தது. என் நேர்மைக்கு அதில் வேலையே இல்லை.

ஐந்தாவது மாதம் எடுத்தது கேட்க ரொம்பச் சுலபம். தினமும் 15 நிமிடம் ஒரு நாற்காலியில் சும்மா உட்கார வேண்டும். தியானம் இல்லை, மந்திரம் இல்லை, பாட்டு இல்லை, வெறும் சும்மா. அமெரிக்காவில் 2014-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில் ஆட்களை ஒரு வெற்று அறையில் 15 நிமிடம் தனியே உட்கார வைத்தார்கள், பொத்தானை அழுத்தினால் லேசாக மின்சார ஷாக் அடிக்கும், வேண்டுமென்றால் அழுத்திக்கொள்ளலாம். ஷாக் வேண்டாம் என்று காசு கொடுக்கக்கூடத் தயார் என்று முன்பே சொன்னவர்கள்தான். அப்படியும் 18 ஆண்களில் 12 பேரும் 24 பெண்களில் 6 பேரும் ஒரு தடவையாவது அழுத்தினார்கள். ஒரு மனிதர் 190 தடவை! முதலில் படித்தபோது சிரித்தேன். மூன்றாம் நாள், எதிர்ச் சுவரில் பெயிண்ட் உரிந்த இடம் ஒட்டகம் மாதிரி இருக்கிறதா நாய் மாதிரி இருக்கிறதா என்று நானே என்னோடு வாதாடிக்கொண்டிருந்தபோது அந்த 190 தடவை மனிதரை முழுசாகப் புரிந்துகொண்டேன். பத்தாம் நாளிலிருந்து அந்த 15 நிமிடத்தில் அலுவலக மின்னஞ்சலுக்கெல்லாம் மனதிலேயே பதில் எழுத ஆரம்பித்தேன். வெளியிலிருந்து பார்த்தால் சிலை மாதிரி உட்கார்ந்திருக்கிறேன், உள்ளே ஆபீஸ் நடக்கிறது. மாதக் கடைசியில் 31-க்கு 31 குறி.

அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்க்ளின் இந்த வேலையை எனக்கு வெகு முன்னாலேயே செய்து பார்த்தவர். 13 நற்குணங்களைப் பட்டியல் போட்டு, வாரம் ஒன்று வீதம் கவனித்தால் 13 வாரத்தில் ஒரு சுற்று, வருடத்துக்கு நான்கு சுற்று. சின்ன நோட்டில் சிவப்பு மையால் கோடு போட்டுக் கட்டம் கட்டி வைத்திருந்தார். ஆனால் நான் போட்ட மாதிரி ஜெயித்த நாளுக்குக் குறி போடவில்லை அவர், தப்பு செய்தால்தான் ஒரு கரும்புள்ளி. அடுத்த சுற்றுக்காகப் பழைய புள்ளிகளைச் சுரண்டிச் சுரண்டித் தாளெல்லாம் ஓட்டையாகிவிட்டதாம், அதனால் பென்சிலால் எழுதி ஈரப் பஞ்சால் துடைக்கக்கூடிய யானைத் தந்த ஏடுகளுக்கு மாறியிருக்கிறார். ஒழுங்கு என்ற ஒரு குணம்தான் கடைசி வரை தனக்குப் பிடிபடவில்லை என்று தானே எழுதியும் வைத்திருக்கிறார்.

நானும் புள்ளி முறைக்கு மாறினேன். ஆறாவது மாதம் யாரைப் பற்றியும் எதைப் பற்றியும் குறை சொல்லக் கூடாது, சொன்னால் ஒரு புள்ளி. முதல் நாள் மதியத்துக்குள் 11 புள்ளி. இரண்டாவது வாரத்தில் நாளுக்கு மூன்றாகக் குறைந்தது, பரவாயில்லையே என்று மனைவியிடம் பெருமையாகக் காட்டினேன். "காலையிலேயிருந்து உங்க மேனேஜரைப் பத்தி அரை மணி நேரம் பேசினீங்களே, அது எங்கே?" என்று கேட்டாள். அது குறை இல்லை, நடந்ததைச் சொன்னேன் என்றேன். சொல்லும்போதே தெரிந்துவிட்டது. குறையெல்லாம் என்னிடம் எப்போதோ "தகவல்" ஆகியிருந்தது, "கருத்து" ஆகியிருந்தது, ஒன்றிரண்டு "அக்கறை"கூட ஆகியிருந்தது.

அதனால் ஏழாவது மாதம் பேனாவை மகளிடம் கொடுத்தேன். ஒன்பது வயது. இரவு 9 மணிக்கு மேல் கைப்பேசி மேஜை இழுப்பறைக்குள் போய்விட வேண்டும், போனால் டிக், இல்லாவிட்டால் முட்டை. இரண்டாம் நாளே தகராறு.

"அப்பா, மணி 9.05. முட்டை."

"சார்ஜ் போடத்தான்மா எடுத்தேன்."

"போன வாரம் ஹோம்வொர்க் எழுதாததுக்கு நானும் காரணம் சொன்னேன். நீ ஒத்துக்கிட்டியா?"

முட்டை விழுந்தது. மேல்முறையீடு எல்லாம் அவளிடம் செல்லாது. அலுவலக அவசரம் என்று ஒரு நாள் உண்மையாகவே எடுத்தேன், அதற்கும் முட்டை. மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்தால் 30 நாளில் 17 டிக், 13 முட்டை. நானே திருத்திய முதல் மாதம் எனக்கு 31-க்கு 28 கொடுத்தது.

அதோடு விட்டாளா? தாளின் அடியில் கோடு போட்டு "பெற்றோர் கையெழுத்து" என்று எழுதி நீட்டினாள். நான்தானே பெற்றோர் என்று பேனாவை எடுத்தேன். "இது உன் கார்டு. உன்னோட அப்பாதான் போடணும்" என்றாள். வேறு வழியில்லாமல் அடுத்த அறைக்கு எடுத்துக்கொண்டு போனேன். அப்பா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு முட்டையாக விரல் வைத்து எண்ணினார். ஒன்றும் சொல்லாமல் கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். நான் கதவு வரை வந்த பிறகுதான் பேசினார்.

"இந்தத் தடவையாவது என் கையெழுத்தை நீயே போட்டுக்காம எங்கிட்ட கொண்டு வந்தியே."