தும்பி வாலில் நூல்

சமயபாட சேர் காலமான செய்தி சங்க வாட்ஸ்அப் குழுவில் வந்தபோது நான் ரயிலில் நின்றுகொண்டிருந்தேன். கைகூப்பும் படங்கள் வரிசையாக விழுந்தன, நானும் ஒன்று போட்டேன். அப்புறம்தான் தும்பி ஞாபகம் வந்தது.

"சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம்" என்று வினையின் மூன்று வகையையும் சேர் மேசையில் தட்டித் தட்டி ஒப்புவிக்க வைத்ததையெல்லாம் மற்றவர்கள் எழுதுவார்கள். நான் எழுத வேண்டியது வேறு.

எனக்கு அப்போது 12 வயது. கடைசி வாங்கில் இருந்தபடி ஒரு தும்பியின் வாலில் தையல் நூலைக் கட்டிப் பறக்கவிட்டேன். அது நாலு தரம் சுற்றிவிட்டு சேரின் திறந்த புத்தகத்திலேயே போய் விழுந்தது. வால் பாதி அறுந்துவிட்டது, இறக்கை மட்டும் தாளில் படபடவென்று அடித்தது. "ஆர் இது?" நான் வாய் திறக்கவில்லை, கண்ணை மட்டும் பக்கத்தில் இருந்தவன் மேல் திருப்பினேன். அவ்வளவுதான், அவனுக்கு உள்ளங்கையில் ஆறு அடி. அவன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

அடுத்த பாடத்தில் சேர் பாரதத்து மாண்டவ்யர் கதையை எடுத்தார். திருடர்கள் ஆசிரமத்தில் ஒளிய, மௌன விரதத்தில் இருந்த முனிவரையும் கள்வனென்று கழுவேற்றிவிடுகிறார்கள். ஏன் இந்தத் தண்டனை என்று தருமதேவனைக் கேட்டால், சின்ன வயதில் பூச்சிகளின் வாலில் புல்லைக் குத்தினாய் என்கிறான். அறியாப் பிள்ளை செய்ததற்கு இவ்வளவா என்று கொதித்த முனிவர், நீ மனிதனாகப் பிற என்று சபிக்கிறார் (விதுரர் அப்படி வந்தவர்தான்), இனி 14 வயதுவரை செய்தது பாவமாகாது என்று விதியும் வைக்கிறார்.

நான் கையை உயர்த்தினேன். "அப்ப எங்களுக்கு இன்னும் ரெண்டு வருசம் இருக்கு, என்ன சேர்?" வகுப்பே சிரித்தது.

சேர் சிரிக்கவில்லை. "கணக்கில ஏறாதுதான். தும்பி செத்தது செத்ததுதானே, தம்பி" என்றார், என்னையே பார்த்து. சிரிப்பு நின்றது. எனக்குக் காது சுட்டது. அந்த ஆறு அடிக்கு முன்பே அவருக்குத் தெரியுமா, பிறகுதான் தெரிந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்டிருக்கலாம்.

இங்கே வந்தபின் கேட்காமலே நிறையச் சேர்த்து வைத்திருக்கிறேன். பருவமடையும்வரை பிள்ளைமீது எழுதுகோல் உயர்த்தப்பட்டிருக்கிறது, அதாவது பாவம் எழுதப்படுவதில்லை என்று முஸ்லிம் நண்பர் ஒருவர் நபிமொழி சொன்னார். கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டமோ 7 வயது நிறைந்தால் பகுத்தறிவு வந்துவிட்டதாகக் கொள்கிறது. ஒன்றில் தப்புகிறேன், ஒன்றில் மாட்டுகிறேன். எனக்கு வசதியான எண்ணைத்தான் தேடித் திரிந்திருக்கிறேன் போலிருக்கிறது.

14 முடிந்த கையோடு ஊரைவிட்டு வந்தவன் நான். அடி வாங்கியவன் போகவில்லை. சேரைக் கடைசிவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் வந்தவனும், குழுவில் செய்தி போட்டவனும் அவன்தான். அன்றிரவு அவனுக்குத் தனியாக எழுதினேன், தும்பியைப் பற்றி, நீளமாக.

காலையில் பதில் வந்திருந்தது. தும்பியைப் பற்றி ஒரு சொல் இல்லை. "சேர் போன மாசமும் கேட்டவர், நீ எப்ப வாறாய் எண்டு."