நனைஞ்ச பலகை மேல புதுப் பலகை அடிக்காதீங்க

போன வருசம் ஹட்டன்ல எங்க பட்டறைக்கு ஒரு பழைய கேம்பர் பெட்டி வந்துச்சு, பயணம் போறப்ப உள்ளுக்கே படுத்து சமைச்சுக்கிறதுக்கு கெப் வண்டிக்குப் பின்னுக்கு ஏத்தி வைக்கிற வகை, கூரையைத் தூக்கினா சுத்திவர கென்வஸ் விரிஞ்சு உள்ளுக்கு நிமிர்ந்து நிக்கலாம், ஓடுறப்ப இறக்கிட்டா குட்டையாயிடும். கினிகத்தேனை வளைவுல ஏறி இறங்குற வண்டிக்கு அது பெரிய விசயம், பாரம் மேல போகப் போக வண்டி சாயும்.

சொந்தக்காரர் வந்து, "பாஸ், உள்ளுக்கு புதுசா பலகை அடிச்சு பெயின்ட் பண்ணித் தாங்க"ன்னாரு. நான் உடனே சரின்னு சொல்லல. ரொம்ப வருசத்துக்கு முந்தி ஒரு வேனுக்கு அப்படித்தான் நனைஞ்ச பிளைவுட் மேலயே புதுசை அடிச்சுக் குடுத்தேன், அடுத்த மழைக்காலத்துலயே ரெண்டும் சேந்து உக்கிப் போச்சு. அந்த மனுசன் ஒரு வார்த்தை திட்டல, காசும் திருப்பிக் கேக்கல, அதனாலயே இன்னும் மனசுல கெடக்குது.

ஜன்னலுக்குக் கீழ கறை இருந்துச்சு. ஸ்குரூ டிரைவரை வச்சு லேசா அமுக்கினேன், நனைஞ்ச பாணுக்குள்ள போற மாதிரி பிடி வரைக்கும் போயிருச்சு. எல்லாரும் ஜன்னல் தான் ஒழுகுதுன்னு நினைச்சோம். கையாள் பையனை டோர்ச்சும் சாக்கட்டியும் குடுத்து உள்ள உக்கார வச்சுட்டு, நான் வெளிய ஹோஸ் பைப்பால கீழ இருந்து மேல கொஞ்சம் கொஞ்சமா தண்ணி அடிச்சேன். ஜன்னலுக்கு அடிச்சப்ப ஒன்னுமில்ல. கென்வஸுக்குக் கீழ, பெட்டிச் சுவரோட மேல் மூலைக்குப் போனதும் "அண்ணே, வருது வருது"ன்னு கத்துறான். மூலையில இருக்கிற ஆணி ஓட்டைக்குள்ள இறங்கி, உள்சட்டம் வழியா ஓடி, மூணு அடி தள்ளி ஜன்னலுக்குக் கீழ வந்து நிக்குது. கறை இருக்கிற இடத்துல சிலிக்கன் பூசினா எப்படி நிக்கும்?

பழைய சிலிக்கனை முழுசா சுரண்டி எடுத்தோம், பழசு மேல புதுசு ஒட்டவே ஒட்டாது, மூலையை மூடுற தகரப் பட்டிக்கு அடியில பியூட்டில் டேப், அதாவது களி மாதிரி ஒட்டுற ரப்பர் பட்டி, வச்சு முறுக்கினோம். அதுக்கப்புறமும் ரெண்டு கிழமை பெட்டியைக் காயவிட்டேன், அவருக்கு அவசரம், எனக்கும் பட்டறையில இடமில்ல, ஆனா மே மாசம் தொடங்கினா மழை விடாது, அதுக்குள்ள சட்டம் காஞ்சாகணும். மெத்தைக்கு அடியில முழுப் பலகை போடாம இடைவெளி விட்டு ரீப்பை அடிச்சேன். ராத்திரி மூச்சுக்காத்து குளிர்ந்த தகரத்துல பட்டு வேர்க்கும், காத்து போக வழியில்லன்னா மெத்தை பூஞ்சணம் பிடிச்சிரும். அலுமாரி, லாச்சியெல்லாம் சுலபம், வளைவுல திறக்காம கொக்கி மட்டும் நல்லதா போடணும்.

கேஸ் அடுப்புக்குப் பக்கத்துல தரையோட ஒரு ஓட்டை இருந்துச்சு, அதால குளிர் வருதுன்னு அவர் துணி அடைச்சு வச்சிருந்தாரு. கேஸ் காத்தை விட பாரம், கசிஞ்சா கீழ தான் தேங்கும், அது வெளிய போறதுக்குத் தான் அந்த ஓட்டைன்னு சொன்னேன். "நுவரெலியா குளிர் உங்களுக்குத் தெரியாதா பாஸ்"ன்னாரு. தெரியும், அங்க தான் எங்க அக்கா வீடு. ஆனா அந்த ஓட்டையை மூடித் தர மாட்டேன்னு சொல்லிட்டேன். காத்து நேரா வந்து அடிக்காம இருக்க வெளிப்பக்கமா ஒரு தகரத்தை வளைச்சு கீழ்நோக்கி மறைப்பு வச்சுக் குடுத்தேன், துணியை அவர் கையாலயே எடுக்க வச்சேன்.